வெள்ளிப் பூச்சில் விழுந்த புள்ளிகள்

1965 போரில் இந்திய விமானப்படை பறக்கவிட்ட நாட் போர் விமானத்தின் 1/72 அளவு மாடலை ஒட்டி முடித்து, ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷால் வெள்ளி நிற லேக்கர் பெயிண்ட் அடிக்கத் தொடங்கினேன். முதல் சில நிமிடங்கள் வழுவழுப்பாகப் படிந்த பூச்சில், பிறகு ஊசிமுனை அளவுப் பள்ளங்கள் விழுந்தன. இறக்கையின் முழு அகலமே 9 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும் மாடலில் ஒரு புள்ளி போதும், உலோகத் தோற்றம் கெட்டுவிடும்.

பிளாஸ்டிக்கில் அச்சு எண்ணெய் ஒட்டியிருக்கலாம் என்று சோப்பு நீரில் கழுவினேன், தின்னரை மாற்றினேன், ஏர்பிரஷ்ஷைக் கழற்றி ஊசியையும் நாசிலையும் துடைத்தேன். எதுவும் பயன் தரவில்லை. ஏர்பிரஷ்ஷுக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரிலிருந்த நீர் வடிகட்டியின் கிண்ணம் காய்ந்தே கிடந்ததால், ஈரத்தின் மேல் சந்தேகமும் எழவில்லை.

பெயிண்ட் ஊற்றாமல் வெறும் காற்றை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் தொடர்ந்து அடித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. சிறிது நேரத்தில் கண்ணாடியில் நுண்ணிய நீர்த்துளிகள் தெறித்திருந்தன. கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று சூடாக இருப்பதால், அதிலுள்ள ஈரம் ஆவியாகவே வடிகட்டியைக் கடந்து, நீண்ட குழாயில் குளிர்ந்த பிறகே நீராகிறது. கடற்கரையை ஒட்டிய எங்கள் பகுதியில் அந்த ஈரம் மிக அதிகம்.

ஆகவே ஏர்பிரஷ்ஷின் அடியிலேயே திருகிப் பொருத்தும் சிறு வடிகட்டி ஒன்றை வாங்கி மாட்டினேன். அன்றே அதில் நீர் சேர்ந்தது. பூச்சும் சுத்தமாக விழுந்தது, பெரிய நிம்மதி. பழைய பள்ளங்களை 2000 எண் உப்புத்தாளால் நீர் தொட்டுத் தேய்த்து, மறுபடி அடித்துவிட்டேன்.