கயிற்றில் இறங்கும்போதும் ஏறும்போதும் செய்யக் கூடாதவை

உயரமான கட்டிடத்தில் கண்ணாடி துடைப்பவரோ, ரேப்பலிங் (கயிற்றில் இறங்குவது) பழகுபவரோ, பலரும் நம்புவது ஒன்றைத்தான்: கையை விட்டால் இறங்கும் கருவி தானே கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பயந்துபோனவர் கையை விடுவதில்லை, இன்னும் இறுக்கித்தான் பிடிப்பார். பெட்ஸ்ல் நிறுவனத்தின் ஸ்டாப் என்ற இறங்கும் கருவியில் கைப்பிடியை அழுத்தினால் கயிறு ஓடும், விட்டால் நிற்கும். வேகம் கூடுகிறதே என்று பதறி அதை அழுத்திப் பிடித்தால் வேகம் இன்னும் கூடும். அதே நிறுவனத்தின் ஐடி கருவியில் கைப்பிடியை அளவுக்கு மீறி இழுத்தாலும் பூட்டிக்கொள்ளும். இந்தப் பாதுகாப்புக்கு விலை உண்டு: எடை கூடுதல், உள்ளே பாகங்களும் அதிகம்.

வேகத்தைக் கைப்பிடியால் கட்டுப்படுத்த நினைப்பதுதான் இங்கே பெரிய தவறு. கருவிக்குக் கீழே தொங்கும் கயிற்றைப் பிடித்திருக்கும் கைதான் பிரேக். அந்தக் கையை எதற்காகவும் எடுக்காதீர்கள். கைப்பிடி தொந்தரவாக இருக்கிறது என்று அதை அழுத்திய நிலையிலேயே கட்டிவைத்து இறங்குவதை மன்னிக்கவே முடியாது.

கருவியின் மேல் பொறித்திருக்கும் கயிற்றுத் தடிமனையும் பலர் பார்ப்பதில்லை. 10 முதல் 11.5 மி.மீ. வரை என்று போட்டிருந்தால் 9 மி.மீ. கயிறு அதில் வழுக்கும். புதுக் கயிறு இன்னும் வேகமாக ஓடும்.

நீண்ட இறக்கத்தில் கயிற்றின் எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 11 மி.மீ. கயிறு 100 மீட்டர் தொங்கினால் அதுவே ஏழெட்டுக் கிலோ வரும். அந்த எடையே பிரேக் போடுவதால் உச்சியில் இறங்கவே சிரமமாக இருக்கும். கீழே போகப் போக அது குறைந்து வேகம் எடுக்கும். குகைகளில் இறங்குபவர்கள் ரேக்கை, அதாவது குறுக்குக் கம்பிகளின் ஊடே கயிறு வளைந்து ஓடும் கருவியை, விரும்புவது இதனால்தான்: நடுவழியில் கம்பியைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் கையை விட்டால் அது தானாக நிற்காது. எட்டு வடிவக் கருவியும் அப்படித்தான், போதாததற்குக் கயிற்றையும் முறுக்கிவிடும்.

சூட்டையும் மறக்காதீர்கள். 80 கிலோ ஆள் 100 மீட்டர் இறங்கினால் சுமார் 78,000 ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறும். வேகமாக இறங்கி, கொதிக்கும் கருவியோடு ஒரே இடத்தில் நின்றால் நைலான் கயிற்றின் மேலுறை கருகிப் பளபளக்கும். மெதுவாக இறங்குங்கள்.

ஏறும் கருவியில் சிக்கல் வேறு. ஜுமார் வகைக் கருவியின் (கயிற்றைக் கவ்விக்கொண்டு மேலே மட்டும் நகரும் கைப்பிடி) பற்கள் சேறு படிந்த கயிற்றையும் கவ்வும். அதே பற்கள் திடீர் அதிர்ச்சியில் மேலுறையைக் கிழித்துவிடும். 4 முதல் 6 கிலோ நியூட்டன் விசையே அதற்குப் போதும். அதனால் கயிற்றைத் தளர விட்டு மேலே போகாதீர்கள். சாய்ந்து செல்லும் கயிற்றில் கருவி கழன்று வரலாம், மேல் துளையில் ஒரு காரபினர் (திறந்து மூடும் உலோக வளையம்) மாட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், ஒரே கருவியில் ஒருபோதும் தொங்கக் கூடாது.

கயிற்றின் நுனியில் முடிச்சு கட்டாயம். வேலைக்காக இறங்குபவர்களுக்குத் தனி ஆங்கரில் (கயிற்றைக் கட்டும் உறுதியான பிடிமானம்) இரண்டாவது பாதுகாப்புக் கயிறும், விழுந்தால் அதைக் கவ்வும் தனிப் பிடிப்பானும் வேண்டும். கயிற்றைக் கருவியில் தலைகீழாக மாட்டியிருந்தால் அதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. இடுப்பிலிருந்து வரும் ஸ்லிங் (பாதுகாப்பு நாடா) ஆங்கரிலேயே மாட்டியிருக்கும்போது எடையைக் கருவியில் கொடுத்து, ஓரடி இறங்கி, பூட்டுகிறதா என்று பாருங்கள். பூட்டிய பிறகே ஸ்லிங்கைக் கழற்றுங்கள்.