கான்ட்ராஸ்ட் ஊசிக்கு வருகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் ஊசி போடுகிறவள் நான். சி.டி. ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றுகிற மருந்துதான் கான்ட்ராஸ்ட். அது போட வேண்டும் என்றால், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முக்கியமாகக் கிட்னி கோளாறு உள்ளவர்கள், 48 மணி நேரம் நிறுத்தணுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். முன்பு கான்ட்ராஸ்ட் மருந்துக்கு அரிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அம்பாசமுத்திரத்து ஆச்சி ஒருவர் மருந்து ஏறியதும், "ஏ தாயி, படுத்த இடத்திலேயே ஒண்ணுக்குப் போயிட்டேனே!" என்று அழுதார். போகவில்லை. உடம்பு சூடேறி அப்படித்தான் தோன்றும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் ஊசி குத்திய இடம் வீங்கி வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், உடனே சத்தம் கொடுங்கள். அப்புறம், பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல் அரை மணி நேரம் எங்கள் கண்முன்னே உட்காருங்கள்.