டிஜிட்டல் ஆம்ப்பைத் திட்டும் முன் ஒரு மல்ட்டிமீட்டர் எடுங்கள்

சென்னை ரிச்சி தெருவில் நான் வாங்கிய டி.பி.ஏ.3116, பலர் 'டிஜிட்டல் ஆம்ப்' என்று சொல்லும் கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபயர் போர்டு. உள்ளங்கையில் அடங்கும். வீட்டில் கிடந்த 12 வோல்ட் அடாப்டரில் மாட்டி, பழைய கிளாஸ் ஏபி (வழக்கமான, சூடாகும் வகை) ஆம்ப்போடு மாற்றி மாற்றிக் கேட்டேன். தவில் சத்தம் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் வந்தது. "டிஜிட்டல் ஆம்ப்ல உயிர் இருக்காதுப்பா" என்று நண்பர் சொன்னது சரிதான் என்று மூட்டை கட்டி வைத்துவிட்டேன். தப்பு என்னுடையது என்று புரிய ஆறு மாதம் ஆனது.

கிளாஸ் டி-யில் உள்ள 'டி' டிஜிட்டல் அல்ல. ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான். டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல லட்சம் முறை ஆன், ஆஃப் ஆகும். இசை அந்தத் துடிப்புகளின் அகலத்தில் இருக்கும். கடைசியில் ஒரு கம்பிச் சுருளும் கெப்பாசிட்டரும் அதை வடிகட்டி ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

முதலில் அடாப்டரைப் பாருங்கள். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, ஸ்பீக்கரில் போட்டிருக்கும் ஓமின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கக்கூடிய வாட் தெரியும். 8 ஓம் ஸ்பீக்கரில் 12 வோல்ட்டுக்கு 9 வாட்தான். 24 வோல்ட்டுக்கு 36. இந்தப் போர்டுக்குப் பெரிதாகப் போட்டிருக்கும் 50 வாட், 4 ஓமில், 21 வோல்ட்டில், 10 சதவீதச் சிதைவை அனுமதித்து அளந்தது! 24 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள். 26 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம்.

அப்புறம் ஒயரிங். இந்தப் போர்டில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்ட் (பொது முனை) கிடையாது. இடது, வலது மைனஸ்களை ஒன்றாக முறுக்கினால் போர்டு போய்விடலாம். ஸ்விட்ச் பெட்டி வைத்து ஒப்பிடுவதானால், பிளஸ் மைனஸ் இரண்டையும் சேர்த்து மாற்றும் பெட்டியாக இருக்கட்டும்.

இனிதான் முக்கியம். கொஞ்சம் சத்தம் கூடினாலே அது 'நல்ல ஆம்ப்' ஆகிவிடும், காது அப்படித்தான். போனில் 100 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கர் முனையில் இரண்டு ஆம்ப்புக்கும் 1.00 வோல்ட் வரும்படி வால்யூமைத் திருப்புங்கள். 0.01 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. வால்யூம் குமிழில் டேப் ஒட்டிவிடுங்கள். பிறகு, எது ஓடுகிறது என்று சொல்லாமல் வேறொருவர் மாற்ற வேண்டும். என் மகள் மாற்றினாள். 16 தடவையில் 9 தடவை சரியாகச் சொன்னேன். பூவா தலையா போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதுதான் வந்திருக்கும்.

ஒரு புகாரில் மட்டும் உண்மை உண்டு. இதுபோன்ற மலிவு போர்டுகளில் ஃபீட்பேக் (வெளியே போகும் சிக்னலில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துப் பிழை திருத்துவது) வடிகட்டிக்கு முன்பே எடுக்கப்படுகிறது. அதனால் ஸ்பீக்கரின் ஓமைப் பொறுத்து ட்ரெபிள் சத்தம் கொஞ்சம் கூடும், குறையும். ப்ரூனோ புட்சிஸ் வடிவமைத்த ஹைபெக்ஸ் நிறுவனத்தின் யூசிடி, என்கோர் என்ற கிளாஸ் டி ஆம்ப் வகைகளில் ஃபீட்பேக் வடிகட்டிக்குப் பிறகு எடுப்பதால் அந்தத் தொல்லை இல்லை. விலைதான் எட்டாது.

பழைய ஏபி ஆம்ப்பை விற்கவில்லை. மார்கழிக் குளிருக்கு எங்கள் வீட்டுப் பூனை அதன் மேல்தான் படுக்கிறது.