வெளியேறும் தொகையில் நேரும் பிழை: கல்லூரி ஆட்டக்காரர் ஒப்பந்தங்கள்

அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கு ஒப்பந்தம் எழுதித் தரும் வேலைக்குப் புதிதாக வரும் இளம் வழக்கறிஞர்களின் வரைவுகளில், ஆட்டக்காரர் இடையில் விலகினால் கல்லூரிக்குத் தர வேண்டிய 'வெளியேறும் தொகை' பற்றிய பகுதியைப் படிக்கும்போது, சில ஆண்டுகளுக்கு முன் நானே எழுதி அவமானப்பட்ட வாசகங்கள் அப்படியே திரும்பி வருகின்றன. கையெழுத்து விடுபடுவது, தேதி பிழைப்பது போன்றவற்றை எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயர், உருவம், சாயல் ஆகியவற்றுக்குப் பணம் பெறும் உரிமை மாணவர்களுக்கு 2021 ஜூலையில் கிடைத்தது. தகுதியான மாணவர் எத்தனை முறை கல்லூரி மாறினாலும் ஆடாமல் காத்திருக்கத் தேவையில்லை என்ற நிலை 2024இல் வந்தது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தருகின்றன. முதல் ஆண்டுக்கு ஒரு கல்லூரியின் உச்சவரம்பு ஏறத்தாழ 2.05 கோடி டாலர்.

மீதித் தொகை முழுவதையும் இழப்பீடாகக் கேட்பது

ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரருக்காக நான் எழுதிய ஒப்பந்தத்தில், இடையில் விலகினால் எஞ்சிய மாதங்களுக்கான தொகை முழுவதையும் அவரே கல்லூரிக்குச் செலுத்த வேண்டும் என்று வைத்திருந்தேன். அவர் போனார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதினார்: கொடுக்க வேண்டியிராத பணம் உங்களுக்கு மிச்சம்தானே, அதுவே நட்டமாவது எப்படி? அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதைவிட மோசமாக, இத்தொகை ஆடுவதற்கான கூலி அன்று, சாயலைப் பயன்படுத்தும் உரிமைக்கான விலை மட்டுமே என்று வேறொரு பிரிவில் நானே அழுத்தமாக எழுதியிருந்தேன். சாயலுக்கு விலை பேசிவிட்டு ஆட்டம் போனதற்கு நட்டம் கேட்டால் வழக்கைத் தீர்த்துவைக்கும் எந்த நடுவர் நம்புவார்?

முன்கூட்டியே குறித்த இழப்பீடு, எதிர்பார்க்கத்தக்க நட்டத்தோடு பொருந்தியிருந்தால்தான் செல்லும். மிரட்டலாகத் தோன்றினால் அது வெறும் தண்டம், நீதிமன்றம் தள்ளிவிடும். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், இடையில் விலகிய தன் பயிற்சியாளர் டினார்டோவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஊதியத்தையும் எஞ்சிய ஆண்டுகளையும் வைத்துக் கணக்கிட்ட தொகை செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999இல் ஏற்றுக்கொண்டது. முழுக் காலமும் பணிபுரிவது ஏன் இன்றியமையாதது என்பதை அந்த ஒப்பந்தமே சொல்லியிருந்தது ஒரு முக்கியக் காரணம். இளையவர்கள் டினார்டோவின் கணக்கை மட்டும் நகலெடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிடுவது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. மாற்று ஆட்டக்காரரைத் தேடும் செலவு, அவரை மையமாக வைத்துத் திட்டமிட்ட விளம்பரம், காலியான இடத்தை நிரப்பத் தரும் கூடுதல் விலை ஆகியவற்றைக் கையெழுத்துக்கு முன்பே கணக்கிட்டு, மாதந்தோறும் குறைந்துகொண்டே வரும் தொகையாக எழுத வேண்டும்.

கட்டாயப்படுத்தி ஆடவைக்க நினைப்பது

எந்த நீதிமன்றமும் ஆணையிடாது.

அவசரக் குறிப்பையே ஒப்பந்தமாக நம்புவது

முழு ஒப்பந்தம் பிறகு வரும் என்று சுருக்கக் குறிப்பில் கையெழுத்து வாங்கினால், தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா என்பதே முதல் சண்டையாகிவிடும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலிருந்து மிசௌரி பல்கலைக்கழகத்துக்குப் போன அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் டேமன் வில்சனிடம் ஜார்ஜியா தரப்பு 3,90,000 டாலர் கேட்ட விவகாரமும் இந்தக் கேள்வியோடுதான் 2025 இறுதியில் நீதிமன்றம் ஏறியது.

புதிய கல்லூரியை மறந்துவிடுவது

விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 2025 ஜூனில், விலகிப் போன ஆட்டக்காரர் மீது அல்லாமல், அவர் போய்ச் சேர்ந்த மயாமி பல்கலைக்கழகத்தின் மீதே வழக்குத் தொடுத்தது. பதினெட்டு வயது மாணவரின் வங்கிக் கணக்கைத் துரத்துவதைவிட அது பயன் தரலாம். ஆனால் ஒப்பந்தம் இருப்பது அந்தக் கல்லூரிக்கு முன்பே தெரியும் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். ஆகவே, கல்லூரி மாற விரும்புவோர் பதிந்துகொள்ளும் போர்ட்டல் என்ற இணையப் பட்டியலில் ஆட்டக்காரர் பெயர் கொடுக்கப்போவதாகக் காதில் விழுந்த அன்றே, அவரை அணுகக்கூடிய கல்லூரிகளுக்கு எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்பி, அதன் நகலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.