வேதிநிலையை உணரும் எம்.ஆர்.ஐ. மாறுபாட்டுப் பொருள்கள்: எங்கே தவறுகிறோம்?

எம்.ஆர்.ஐ. படத்திற்கு முன் ஏற்றப்படும் வழக்கமான மாறுபாட்டுப் பொருளான கடோலினியம் என்ற உலோகம் அடங்கிய ஊசி, தான் சென்று சேர்ந்த இடத்தைக் காட்டுமே தவிர அங்குள்ள வேதிநிலையைக் காட்டாது. அமிலத்தன்மை, கால்சியம், துத்தநாகம் போன்றவற்றுக்கு ஏற்பத் தன் தளர்வுத்திறனை (சுற்றியுள்ள நீரின் காந்தத் தளர்வை விரைவுபடுத்திப் படத்தை வெளிச்சமாக்கும் ஆற்றலை) மாற்றிக்கொள்ளும் கடோலினியச் சேர்மங்கள் 1990களின் பிற்பகுதியிலிருந்தே ஆய்வுக்கூடங்களில் உருவாக்கப்பட்டு வருகின்றன. அவற்றைக் கொண்டு எடுத்த படங்களைப் படிப்பதில் நேரும் பிழைகளுள் முதன்மையானது, பளிச்சென்று தெரியும் இடத்தில் வேதிநிலை மாறியிருக்கிறது என்று உடனே முடிவு கட்டுவது.

நீரின் தளர்வு வேகம் கூடுவது, சேர்மத்தின் தளர்வுத்திறனையும் செறிவையும் பெருக்கிவரும் அளவால்தான். தளர்வுத்திறன் 4 ஆகவும் செறிவு 0.5 மில்லிமோலாராகவும் உள்ள திசுவும், தளர்வுத்திறன் 5 ஆகவும் செறிவு 0.4 மில்லிமோலாராகவும் உள்ள திசுவும் இந்தக் கணக்கில் ஒன்றே. புற்றுக்கட்டியின் இரத்தக் குழாய்கள் கசிவுடையவை என்பதால் அங்கே மருந்து கூடுதலாகத் தேங்குகிறது. செறிவை அளக்காமல் அந்த வெளிச்சத்தை அமிலத்தன்மை என்று படிப்பது ஆய்வையே திசைதிருப்பிவிடும். இதனால்தான் 2003இல் எலிச் சிறுநீரகத்தின் பி.எச். அளவை வரைபடமாக்கியவர்கள், அமிலத்தன்மைக்கு அசையாத ஒரு சேர்மத்தை முதலில் செலுத்திச் செறிவைக் கணித்துக்கொண்டு, பிறகே உணரும் சேர்மத்தைச் செலுத்தினர். இரண்டும் உடலில் ஒரே விதமாகப் பரவும் என்ற அனுமானம் அம்முறையில் எஞ்சியிருக்கிறது. ஒரே மூலக்கூறில் கதிரியக்க ஃப்ளூரினையும் இணைத்து, செறிவை, கதிரியக்கத்தை அளந்து படமாக்கும் பெட் கருவியால் அளப்பது இன்னும் நேரான வழி என்பது என் கருத்து.

பிணைப்பு வலிமையைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதும் அடிக்கடி நிகழ்வதே. 1999இல் வெளிவந்த கால்சியம் உணரியின் தளர்வுத்திறன் 3.26இலிருந்து 5.76க்கு உயர்ந்தது, ஆனால் அது கால்சியத்தைப் பற்றுவது சுமார் 1 மைக்ரோமோலார் அளவில். செல்லுக்குள் நிகழும் மாற்றங்களுக்கு அந்த அளவு பொருத்தமானது. செல்லுக்கு வெளியே கட்டற்ற கால்சியம் ஏறத்தாழ 1 மில்லிமோலார், அதாவது ஆயிரம் மடங்கு. இத்தகைய சேர்மம் செல்லுக்குள் நுழையாமல் வெளியிலேயே தங்கினால், தொடக்கத்திலேயே நிறைவுற்றுப் பின்வரும் ஏற்ற இறக்கம் எதையும் காட்டாது.

சோதனைக் குழாயில், பி.எச். மாறாமல் காக்கும் எளிய தாங்கல் கரைசலோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. கடோலினியத்தோடு இரண்டு நீர் மூலக்கூறுகள் பிணைந்துள்ள சேர்மங்களில், இரத்தத்தில் சுமார் 24 மில்லிமோலார் அளவில் உள்ள பைகார்பனேட்டும், உடன் பாஸ்பேட்டும் அந்நீரை வெளியேற்றி இடம்பிடிக்கலாம். அவ்வாறு குறையும் தளர்வுத்திறன் உணர்திறனின் விளைவாகத் தவறாகப் பதிவாகும். அல்புமின் புரதம் ஒட்டிக்கொண்டாலோ எதிர்த்திசையில் தளர்வுத்திறன் உயரும். அந்த உயர்வும் காந்தப்புலத்தைச் சார்ந்தது: 1.5 டெஸ்லாவில் நன்றாகத் தெரிவது, விலங்கு ஆய்வுக்கான 9.4 டெஸ்லா கருவியில் பெரிதும் மங்கிவிடும்.

உணர்திறனுக்காகக் கடோலினியத்தைக் கூண்டுபோல் சூழ்ந்து பிடித்திருக்கும் மூலக்கூறான ஈனியின் பிடியைத் தளர்த்துவதை நான் எந்நிலையிலும் ஏற்கமாட்டேன். விடுபட்ட கடோலினிய அயனி நச்சுத்தன்மை கொண்டது. சிறுநீரகம் செயலிழந்தோருக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் நோய்க்கும் கடோலினிய ஊசிகளுக்கும் உள்ள தொடர்பு 2006இல் வெளிப்பட்டது. ஈனி மூடிய வளையமாக இல்லாமல் திறந்த சங்கிலியாக இருப்பதால் பிடி தளர்ந்த நேர்சங்கிலி வகைகளில் பலவற்றின் பயன்பாட்டை ஐரோப்பா 2017இல் நிறுத்திவைத்தது. ஆகவே தளர்வுத்திறனை அளக்கும் அதே கட்டத்தில், துத்தநாகமும் பாஸ்பேட்டும் கலந்த கரைசலில் உலோகம் எவ்வளவு நேரம் கூண்டுக்குள் நிலைக்கிறது என்பதையும் அளந்தாக வேண்டும்.