திரவ ஹீலியத்தோட மேற்பரப்பைக் கண்ணால பாக்கணுமா? லைட்டைக் கீழ வைங்க

கண்ணாடி டெவார்ல (வெற்றிடச் சுவர் உள்ள ஃபிளாஸ்க்) முதல் தடவை திரவ ஹீலியம் ஏத்திட்டு எட்டிப் பாக்குறவங்க "உள்ள ஒண்ணுமே இல்லையே"ன்னுதான் கேப்பாங்க, நியாயமான கேள்விதான், ஏன்னா தண்ணியோட ஒளிவிலகல் எண் 1.33, இதுக்கு வெறும் 1.03, மேல இருக்குற ஆவிக்கும் இதுக்கும் பெருசா வித்தியாசம் தெரியாது. 1908 ஜூலை 10 அன்னிக்கு நெதர்லாந்தின் லைடன்ல இயற்பியலாளர் காமர்லிங் ஓன்ஸ் முதன்முதலா ஹீலியத்த திரவமாக்குனப்பவே அது சட்டுன்னு கண்ணுல படல, கீழ இருந்து லைட் அடிச்சப்புறம்தான் கண்ணாடி ஓரத்துல கத்தி முனை மாதிரி கோடு தெரிஞ்சுது.

அதையே செய்யுங்க. வெள்ளி பூசாம விட்டிருக்குற பட்டை வழியா, மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ கண்ண வச்சு மேல்நோக்கிப் பாருங்க, பளபளன்னு தெரியும். ஹாலஜன் வேண்டவே வேண்டாம், சின்ன எல்இடி போதும், 1 வாட் சூடு உள்ள போனாலே மணிக்கு 1.4 லிட்டர் ஹீலியம் ஆவியாயிடும்.

இனி பம்ப் வச்சு மேல இருக்குற ஆவிய உறிஞ்சணும், அழுத்தம் குறையக் குறைய திரவம் இன்னும் குளிரும். அதுக்கு முன்னாடி ரிலீஃப் வால்வு (அழுத்தம் ஏறுனா தானா திறந்து வாயுவ வெளிய விடுறது) அடைபடாம இருக்கான்னு பாருங்க, ரூம்ல காத்தோட்டம் இருக்கணும், திரவம் வாயுவானா 700 மடங்குக்கு மேல விரியும், இதுல மட்டும் அலட்சியம் கூடாது. பம்புக்குப் போற வால்வ மெதுவா திறங்க. ஹீலியம் சாதாரணமா கொதிக்கிற 4.2 கெல்வின்ல இருந்து இறங்குறப்பவே திரவத்துல மூணுல ஒரு பங்கு போயிடும், அதனால நிறையவே ஏத்திக்கோங்க. 50 மில்லிபார் கிட்ட வர்றப்ப கண்ண எடுக்காதீங்க, 2.17 கெல்வின்ல அவ்ளோ நேரம் கொதிச்சது ஒரே நொடியில அடங்கி, ஒரு குமிழி கூட இல்லாம கண்ணாடி மாதிரி ஆயிடும், அதுதான் உராய்வே இல்லாம ஓடுற மீப்பாய்மமா (superfluid) மாறுற நொடி. எத்தன தடவை பாத்தாலும் எனக்கு சிலிர்க்கும்.

அப்பவும் மேல சின்ன அலை ஓடுச்சுன்னா அது பம்போட அதிர்வு. பரப்பு இழுவிசை தண்ணியவிட கிட்டத்தட்ட 200 மடங்கு கம்மி, லேசா தட்டுனாலே ஆடும், பம்ப் குழாய மணல் பெட்டிக்குள்ள புதைச்சு எடுத்துட்டு வாங்க. ஓரத்துல திரவம் சுவர்ல ஏறுற வளைவு அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், லென்ஸ் வச்சுப் பாருங்க. திரவம் முடிஞ்சு ஆவி ஆரம்பிக்கிற அடுக்கு ஒரு நானோமீட்டர் அளவுதான், அத எக்ஸ்ரே பிரதிபலிப்பு வச்சு அளந்திருக்காங்க.

ஆனா மேற்பரப்பு அந்த வளைவுலயே முடிஞ்சுடல, சுமார் 30 நானோமீட்டர் தடிமன்ல படலமா சுவர்ல ஏறிட்டே போகுது. குட்டி கண்ணாடிக் கப்ப நூல்ல கட்டி முக்கி மேல தூக்குங்க. கொஞ்ச நேரத்துல கப்போட அடியில ஒரு சொட்டு திரளும், விழும், அப்புறம் இன்னொன்னு, கப் காலியாகுற வரைக்கும்.