எப்போது சும்மா இருக்க வேண்டும்: டி செல்லை எழுப்பும் ஃபியூஷன் புரோட்டீன் செய்யும் முறை

பல புரோட்டீன் துண்டுகளை ஒன்றாக ஒட்டிய ஃபியூஷன் புரோட்டீன் ஒன்றின் படத்தை வரைந்துகொண்டு யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, "இது எப்போது சும்மா இருக்க வேண்டும்?" என்பதைத்தான். எந்தச் செல்லைக் கொல்லும், எந்தச் செல்லை எழுப்பும் என்பதெல்லாம் அம்புக்குறியோடு படத்தில் இருக்கும். நோயுற்ற செல் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அது என்ன செய்யும் என்பது மட்டும் இருக்காது. என் முதல் படத்திலும் இல்லை. அதனால் பட்டதைப் பின்னால் சொல்கிறேன்.

பேசுவதற்கு ஒரு மாதிரி வேண்டும். ஒரு கை, பி செல் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றின் செல் பரப்பிலுள்ள சிடி19 என்ற புரோட்டீனைப் பிடிக்கட்டும். இன்னொரு கை, நோய் எதிர்ப்புச் செல்லான டி செல்லின் பரப்பிலுள்ள சிடி3-ஐப் பிடிக்கட்டும். உடலில் நிலைக்க ஆன்டிபாடியின் வால் பகுதியான எஃப்சி ஒன்று. ஆசைப்பட்டால் நான்காவதாக, செல்களுக்குச் சைகை தரும் சைட்டோகைன் ஒன்று. முதல் இரண்டு கைகள் மட்டும் கொண்ட பிளினாடுமோமாப் என்ற மருந்து 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது என்பதால் கையோடு ஒப்பிட ஒன்று இருக்கிறது.

கைகளின் பிடிப்பிலிருந்து தொடங்குங்கள். இரண்டும் இறுக்கமாக இருந்தால் நல்லது என்று தோன்றும். தப்பு. பிளினாடுமோமாபில் சிடி19 பக்கத்தின் பிடிப்பு சில நானோமோலார் அளவில் இருக்கிறது (எண் சிறிதானால் பிடிப்பு இறுக்கம்), சிடி3 பக்கம் பல பத்து மடங்கு தளர்வு. சிடி3 கையை இறுக்கினால் புரோட்டீன் ரத்தத்தில் எதிர்ப்படும் டி செல்களிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

அதைவிட முக்கியம், சிடி3 கை ஒன்றே ஒன்றாக இருப்பது. ஒற்றைக் கை சிடி3 உள்ள ஒரு ரிசப்டரை (செல்லின் சைகை வாங்கியை) தொட்டால் டி செல் பெரிதாகக் கண்டுகொள்ளாது. பல ரிசப்டர்களை ஒரே இடத்தில் இழுத்துக் குவித்தால்தான் விழிக்கும். அந்தக் குவிப்பைப் புற்றுச் செல்லின் பரப்பு செய்யட்டும், உங்கள் புரோட்டீன் தானே செய்துவிடக் கூடாது. எஃப்சியோ இயல்பாகவே ஜோடி சேர்வது. யோசிக்காமல் ஒட்டினால் சிடி3 கையும் இரண்டாகிவிடும். அதனால் எஃப்சியின் ஒரு பாதியில் 366-ஆம் இடத்திலுள்ள திரியோனின் என்ற அமினோ அமிலத்தை டிரிப்டோஃபேனாக மாற்றி ஒரு குமிழ் வையுங்கள். மறு பாதியில் 366-ஐ செரின், 368-ஐ அலனின், 407-ஐ வேலின் ஆக்கினால் குழி கிடைக்கும். குமிழ் குழியைத் தேடும், குமிழோடு குமிழ் சேராது. சிடி3 கை ஒரு பாதியில் மட்டும்.

இவ்வளவு வம்பு இருந்தும் எஃப்சி எதற்கு? பிளினாடுமோமாப் சுமார் 55 கிலோடால்டன்தான். சிறுநீரகம் வடித்துவிடும், அரை ஆயுள் இரண்டு மணி நேரம் போல. அதனால்தான் நோயாளிக்கு 28 நாள் விடாமல் பம்பில் ஏற்றுகிறார்கள். எஃப்சி இருந்தால் எஃப்சிஆர்என் என்ற ரிசப்டர் அதைச் செல்லுக்குள் அழியவிடாமல் பிடித்து மறுபடி ரத்தத்துக்கே அனுப்பும். ஆனால் அதே எஃப்சி, விழுங்கும் செல்லான மேக்ரோஃபேஜின் எஃப்சி காமா ரிசப்டர்களிலும் வரிசையாக ஒட்டும். அந்த வரிசை ஒன்று போதும், புற்றே இல்லாமல் டி செல்லை எழுப்ப. 234, 235 இரண்டு லூசின்களையும் அலனின் ஆக்கி அந்த ஒட்டலைத் தளர்த்துங்கள். எஃப்சிஆர்என் பிடிக்கும் இடம் வேறு, அதற்குப் பாதகமில்லை.

இனி துண்டுகளை இணைக்கும் லிங்கர். என் நேரத்தில் பாதி இங்கேதான் போயிருக்கிறது. ஒவ்வொரு கையும் ஆன்டிபாடியின் விஎச், விஎல் என்ற இரண்டு பகுதிகள் சேர்ந்தது; அவற்றை இணைக்க நான்கு கிளைசின், ஒரு செரின் என்ற துண்டை மூன்று முறை அடுக்குவது வழக்கம், மொத்தம் 15 அமினோ அமிலம். சிக்கனமாக 5-க்குக் குறைத்தால் விஎச் தன் சொந்த விஎல்லை எட்ட முடியாமல் பக்கத்து மூலக்கூறின் விஎல்லோடு ஜோடி போடும். டயபாடி என்பார்கள். நமக்கோ அது பின்வாசல் வழியே வந்த இரண்டாவது சிடி3 கை. கைகளுக்கு இடையே உள்ள லிங்கரை நீட்டிக்கொண்டே போவதிலும் லாபமில்லை. இரண்டு செல்லின் சவ்வும் சுமார் 15 நானோமீட்டர் வரை நெருங்கினால்தான் சிடி45 என்ற பெரிய தடுப்பான் இடையிலிருந்து ஒதுங்கும். இலக்கில் சவ்வுக்கு அருகிலுள்ள இடத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் தேர்ந்தெடுங்கள். எந்தக் கை முன்னால், எது பின்னால் என்று என்னைக் கேட்காதீர்கள், இரண்டையும் செய்து பாருங்கள். ஜீன் ஆர்டர் செய்யும்போது திரும்பத் திரும்ப வரும் கிளைசின்களுக்குக் கோடான்களை (அதே அமினோ அமிலத்தைக் குறிக்கும் வெவ்வேறு டிஎன்ஏ எழுத்துகளை) மாற்றி மாற்றிப் போடுங்கள், இல்லையென்றால் பிசிஆர் உங்களைப் பழிவாங்கும்.

சைட்டோகைன் கையை முதல் வடிவத்தில் விட்டுவிடுங்கள் என்பேன். ஐஎல்-15 என்ற சைட்டோகைனை அதன் ஆல்ஃபா ரிசப்டரின் சுஷி பகுதியோடும் எஃப்சியோடும் சேர்த்த மருந்து ஒன்று 2024-இல் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அனுமதி பெற்றது, ஆகவே வழி இருக்கிறது. ஆனால் சைட்டோகைன் இலக்கு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. சேர்ப்பதானால் பிடிப்பைக் குறைத்த மாற்றுருவைச் சேருங்கள். அப்போதுதான் கட்டியில் தங்கிய பிறகே அதற்குக் குரல் கிடைக்கும்.

உற்பத்தி சுலபம். ஹெக்293 என்ற மனிதச் செல் வகையில், புரோட்டீனை வெளியே அனுப்பும் சிக்னல் பெப்டைடோடு போட்டு, ஐந்தாறு நாளில் திரவத்தை எடுத்து, எஃப்சியைப் பிடிக்கும் புரோட்டீன் ஏ நிரப்பிய குழலில் பிடித்துவிடலாம். அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். நான் நிறுத்தினேன்.

என் முதல் புரோட்டீன், சிடி19 உள்ள லுக்கீமியா செல்களான நால்ம்-6 செல்களை அபாரமாகக் கொன்றது. இரண்டு நாள் தலைகால் புரியவில்லை. அப்புறம் பார்த்தால், நால்ம்-6 போடாத வெல்லிலும் (பிளேட்டின் குழியிலும்) டி செல்லில் விழிப்பின் அடையாளமான சிடி69 ஏறியிருக்கிறது. முதல் சந்தேகம் சரியான சந்தேகம்தான்: நான் போட்டது தானம் செய்தவரின் ரத்தத்திலிருந்து பிரித்த கலவைச் செல்கள், அதில் பி செல் இருக்கும், பி செல்லில் சிடி19 இருக்கும். இலக்கு இல்லாத வெல் என்று நான் நினைத்ததில் இலக்கு இருந்தது. டி செல்லை மட்டும் பிரித்துப் போட்டேன். குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. கடைசியில் பெரிய மூலக்கூறை முதலில் வெளியே விடும் சைஸ் எக்ஸ்க்ளூஷன் குழலில் ஓட்டியபோது பிரதான மேட்டுக்கு முன்னால் ஒரு சின்னத் தோள்பட்டை தெரிந்தது. திரண்டுபோன புரோட்டீன். ஒரு திரளில் சிடி3 கை எத்தனையோ, யார் கண்டது. பிரதான மேட்டின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டபோது டி செல் அமைதியானது. கொல்லும் திறனும் குறைந்தது. முதலில் பார்த்த அபாரத்தில் ஒரு பங்கு அந்தத் திரளுடையது.

ஆகவே பிளேட்டை இப்படி அமையுங்கள்: டி செல்லும் புரோட்டீனும் மட்டும் ஒரு வரிசை, அவற்றோடு சிடி19 இல்லாத கே562 ஒரு வரிசை, நால்ம்-6 ஒரு வரிசை. எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சை அளந்த பிறகே செல்லில் போடுங்கள். செறிவைப் பத்துப் பத்து மடங்காக, பிகோமோலாரிலிருந்து ஏற்றுங்கள். உச்சியில் விளைவு சரிந்தால் பதறாதீர்கள். புரோட்டீன் மிதமிஞ்சிப் போனால் ஒவ்வொரு செல்லும் தனித்தனிப் பிரதிகளால் நிரம்பிவிடும், பாலம் போட ஆளிருக்காது. குறைந்தது மூன்று பேரின் ரத்தத்திலாவது திரும்பச் செய்யுங்கள், ஆளுக்கு ஆள் எண்கள் தாறுமாறாக மாறும். மைனஸ் 80-இல் வைத்த குழாயை அடுத்த மாதம் எடுக்கும்போது, உருகியதும் மறுபடி அதே சைஸ் எக்ஸ்க்ளூஷன் குழலில் ஒருமுறை ஓட்டுங்கள். தோள்பட்டை திரும்பி வந்திருக்கலாம்.